குக்கர் மூடியில் ஒரு பெண்ணின் கணக்கு

"மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கா? பெண் குழந்தைக்கு எதற்கு? கிரீஸும் ஸ்பானருமாக அலையவா?" என்று கேட்கும் தாய்மார்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் நாத்தனார் மகள் ஒரு தொழிற்சாலையில் சீனியர் டிசைன் இன்ஜினீயர். பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை. ஒரு சாமான் உருவாகும் முன்பே, எந்த உலோகம், எத்தனை கனம், எந்த இடத்தில் உடையும் என்று கணக்குப் போட்டு வரைபடம் தயாரிக்க வேண்டும்.

"அப்படி என்னடி கணக்கு?" என்றேன். "உங்க குக்கரையே பாருங்க, அத்தை" என்று சொல்லிக்கொடுத்தாள்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் ஆவி அடைபடுவதால் 120 டிகிரி வரை சூடேறும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. அழுத்தம் அளவைத் தாண்டினால் வெயிட் தூக்கி ஆவியை விடும். பருப்புத் தோல் குழாயை அடைத்துவிட்டால்? சேஃப்டி வால்வில் இருக்கும் உலோகம் உருகி வழிவிடும். போலி வால்வு மாட்டியிருந்து அது உருகாவிட்டால்? பல குக்கர்களில் மூடி விளிம்பில் ஒரு இடைவெளி உண்டு. அதன் வழியே காஸ்கெட் பிதுங்கி ஆவி வெளியேறும்.

"ஒண்ணு கைவிட்டா அடுத்தது காப்பாத்தணும். இதை முன்கூட்டியே யோசிக்கிறதுதான் எங்க வேலை" என்றாள்.

சீனியர் என்றால் பொறுப்பும் கூடுதல். இளையவர்கள் வரைந்ததைச் சரிபார்த்து இவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அளவு பிசகினால் மூடி பொருந்தாது. தேவைக்கு மேல் துல்லியம் கேட்டாலோ விலை ஏறிவிடும். இந்தப் பக்குவம் வருஷக்கணக்கில் வேலை பார்த்தால்தான் வரும்.

குழந்தை பிறந்தபோது, "வேலையை விட்டுடு" என்று சொன்னவர்கள்தான் அதிகம். அவள் மாமியாரோ, "பிள்ளையை நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார். அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் அத்தனை வருஷப் படிப்பும் அனுபவமும் பரணில் ஏறியிருக்கும்!

சகோதரிகளே, குக்கருக்கு அதே கம்பெனியின் சேஃப்டி வால்வையே வாங்குங்கள். சமைக்கும் முன் வெயிட் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, அடைப்பில்லையா என்று பாருங்கள். உங்கள் பெண் பழைய கடிகாரத்தையோ, ஓடாத மிக்ஸியையோ கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தால் திட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "உள்ளே என்னடி இருக்கு?" என்று நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.