சுவருக்கு எந்த வண்ணம் வேண்டாம்? நோயாளியின் அறை குறித்து ஒரு மருத்துவ விளக்கம்

உள் அலங்கார வடிவமைப்பாளர் ஒருவரிடம் கேட்டால், படுக்கையறைக்கு அடர் சிவப்பு வேண்டாம், சிறிய அறைக்குக் கருமை கலந்த நிறங்கள் வேண்டாம், கண்ணைக் கூசச் செய்யும் பளபளப்பு வேண்டாம் என்பார். அவர் கருதுவது அழகையும் இடத்தின் தோற்றத்தையும். அதே சுவரை மருத்துவர்களாகிய நாங்கள் நோக்கும்போது வேறு கேள்விகள் எழுகின்றன. இந்த அறையில் பச்சிளங்குழந்தையின் தோல் நிறம் சரியாகத் தெரியுமா? கண்பார்வை மங்கிய பெரியவர் இரவில் கழிப்பறைக் கதவைக் கண்டுகொள்வாரா? சுரண்டி எடுக்கும் பழைய பெயிண்டின் தூசி யாருடைய உடலுக்குள் செல்கிறது?

பொங்கலுக்கு முன்பும், ரமலானுக்கு முன்பும், திருமணத்திற்கும், தாயும் சேயும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பும் வண்ணம் பூசுவது நம் பகுதியின் வழக்கம். கூனிமேடு, மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரை ஊர்களில் இதற்குச் சில தனிக் கவனங்கள் தேவைப்படுகின்றன. அவற்றை இங்கே விளக்குகிறோம்.

பச்சிளங்குழந்தையின் அறை: அடர் மஞ்சளும் பச்சையும் வேண்டாம்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் 100-க்குச் சுமார் 60 பேருக்கு முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சள் காமாலை தோன்றுகிறது. பெரும்பாலும் அது தானாகவே தணிந்துவிடும். ஆனால் இரத்தத்தில் பிலிருபின் அளவு மிக உயர்ந்தால் அது மூளையைப் பாதித்து, செவித்திறன் இழப்பையும் நிரந்தரமான உடல் இயக்கக் குறைபாட்டையும் ஏற்படுத்தக்கூடும். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் நீல ஒளிச் சிகிச்சையால் இதைத் தடுத்துவிடலாம். காமாலை உச்சத்தை அடைவது மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை. பல தாய்மார்கள் அந்நாள்களில் வீட்டிற்குச் சென்றிருப்பார்கள். எனவே முதலில் கண்டறிய வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே.

சுவர் அடர் மஞ்சளாக இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி குழந்தையின் தோலிலும் மஞ்சளைப் படரவிடுகிறது. நலமாக இருக்கும் குழந்தை மஞ்சளாகத் தெரியலாம். அதைவிட ஆபத்தானது இதன் மறுபக்கம்: மஞ்சள் சூழலுக்குப் பழகிய கண், உண்மையான காமாலையைக் கவனியாமல் விட்டுவிடலாம். அடர் பச்சையும் தோலின் நிறத்தை மாற்றிக் காட்டும். அடர் இளஞ்சிவப்போ, இரத்தசோகையின் வெளிறலையும் உதடு நீலம் பாய்வதையும் மறைக்கக்கூடும். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சுவர்களுக்கு நடுநிலையான மென்னிறங்களைத் தேர்ந்தெடுப்பதும் இக்காரணம் பற்றியே.

முன்பே மஞ்சள் பூசிய அறையாக இருந்தால் மாற்றியாக வேண்டும் என்பதில்லை. பகல் வெளிச்சத்தில், சன்னல் அருகில், வெள்ளைத் துணியின் மீது குழந்தையைக் கிடத்தி, நெற்றியிலும் மார்பிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறம் கருமையான குழந்தைகளுக்குக் கண்ணின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பார்ப்பது நல்லது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தோன்றினாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து உறங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். காலை வெயிலில் காட்டுவது சிகிச்சைக்கு மாற்றாகாது.

பழைய எனாமல்: கண்ணுக்குத் தெரியாத ஈயம்

பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு நெடுங்காலம் ஈயக் குரோமேட் என்னும் நிறமி பயன்பட்டு வந்தது. அதனுடன் நீலம் சேர்த்துப் பச்சை நிறமும் ஆக்கப்பட்டது. வீட்டு உபயோக, அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு, சன்னல், கிராதி, தொட்டில், கட்டில் ஆகியவற்றில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், எமல்ஷன் ஆகியவற்றைவிட எண்ணெய் கலந்த எனாமல் வகைகளிலேயே இது மிகுதி.

மீனவக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்கண்ட விதி வீட்டு வண்ணப்பூச்சுகளுக்கு மட்டுமே உரியது. படகு, இயந்திரம் போன்றவற்றிற்கான தொழிற்சாலை வகைப் பெயிண்ட் அதற்குள் வராது. படகுக்குப் பூசி மீந்ததை வீட்டுச் சன்னலுக்கோ குழந்தையின் கட்டிலுக்கோ பூச வேண்டாம்.

உடலுக்குத் தீங்கு செய்யாத ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் சிறு குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு மிகுதியாக உறிஞ்சுகிறது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகளிடம் இது மேலும் கூடும். கருவுற்ற தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவையும் சென்றடையும். வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை ஆகியவை பின்னர்த் தோன்றலாம். பல குழந்தைகளுக்கு எந்த அறிகுறியும் இராது. கற்கும் திறனும் கவனமும் மட்டும் குறைந்துகொண்டே வரும். இவ்வாறு இழந்தது மீண்டும் கிடைப்பதில்லை.

உரியாமல், உதிராமல் உறுதியாக இருக்கும் பழைய பெயிண்ட் பெரும்பாலும் தீங்கு செய்யாது. அதன் மேலேயே புதிதாகப் பூசிவிடலாம். சுரண்டும்போதும் உப்புத்தாளால் தேய்க்கும்போதும் எழும் தூசியே ஆபத்தானது. பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. நெருப்பால் பொசுக்கவும் கூடாது. நீரால் நனைத்தே தேய்க்க வேண்டும். அவ்வேளையில் கருவுற்றோரும் குழந்தைகளும் அவ்வீட்டில் இருத்தல் ஆகாது. முடிந்தபின் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பெயிண்டர் அணிந்த உடையைத் தனியே துவைப்பது அவருடைய குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. ஐயம் இருப்பின், இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதியோர் அறை: எல்லாம் ஒரே வெள்ளை வேண்டாம்

உப்பளத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர்களின் கண்களை, நேர்வெயிலோடு உப்பிலும் நீரிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியும் தாக்குகிறது. கண்புரையும், கண்ணில் சதை வளர்தலும் வெயிலோடு தொடர்புடையவை. புரை உள்ள கண்ணுக்குள் ஒளி சிதறுவதால் பளபளக்கும் வெள்ளைச் சுவர் கூச்சத்தை உண்டாக்கும். எனவே மங்கலான, மினுமினுப்பற்ற பூச்சே ஏற்றது.

வயது ஏறும்போது விழிவில்லை மஞ்சளாவதால் நீல நிறங்கள் கருத்தும், பச்சையோடு பிரித்தறிய முடியாமலும் தெரியும். (புரை நீக்கியபின் சில நாள்கள் எல்லாம் நீலமாகத் தெரிவதாகப் பலர் கூறுவர், அது குறித்து அஞ்ச வேண்டியதில்லை.) ஆகவே கடும் நீலத்தின் அருகே கரும்பச்சையை வைத்து வேறுபாடு காட்ட முயல்வது பயன் தராது. வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுவிட்சு, வெள்ளை ஓடு பதித்த கழிப்பறையில் வெள்ளை இருக்கை, தரையின் நிறத்திலேயே படிக்கட்டு ஆகியவை பெரியவர்கள் தடுமாறி விழக் காரணமாகின்றன. இடுப்பெலும்பு முறிவு பலருடைய நடமாட்டத்தை முடக்கிவிடுகிறது. கழிப்பறைக் கதவு, கைப்பிடி, படியின் விளிம்பு ஆகியவற்றிற்கு மட்டும் சுவரினின்று தெளிவாக வேறுபடும் நிறம் பூசினால் போதும். நினைவாற்றல் குறைந்தவர்களுக்கும் இது வழிகாட்டும்.

ஓதம் ஏறிய சுவர்: கருநிறம் வேண்டாம்

கடற்காற்றும் உப்பும் கலந்த நம் பகுதியில் சுவர் ஓதம் ஏறி உப்புப் பூப்பது இயல்பு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் இக்கடற்கரையில் பல வீடுகளின் சுவர்கள் நாள்கணக்கில் நனைந்திருந்தன. ஈரமான சுவரில் பூஞ்சை வளரும். அதன் நுண்துகள்கள் ஆஸ்துமாவையும் நாள்பட்ட மூக்கடைப்பையும் தூண்டும். கருநிறங்கள் அப்பூஞ்சையை மறைத்துவிடுவதால் அது நோய் தந்த பின்னரே தெரியவரும். எனாமல் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கொப்பளித்து உரியும். ஓதத்தின் காரணத்தை முதலில் சரிசெய்து, சுவர் உலர்ந்தபின் சுண்ணாம்பு பூசுவது நல்லது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியேறவிடும். அதன் காரத்தன்மை பூஞ்சையையும் தடுக்கும்.

வண்ணம் நோயைத் தீர்க்குமா?

குறிப்பிட்ட நிறம் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், மனநோயைப் போக்கும் என்று சிலர் கூறுகின்றனர். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில், கைதிகளின் சினம் தணியும் என்று ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு பூசினர். பின்னர் நடந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. அதற்கு மாறாக, 1914-இல் சான் பிரான்சிஸ்கோவின் அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன் தம் அறுவை அரங்கிற்குப் பச்சை பூசியதற்குத் தெளிவான பயன் இருந்தது: குருதிச் சிவப்பை நெடுநேரம் நோக்கிய கண், வெள்ளைச் சுவரின் கூச்சமின்றி ஓய்வு பெற்றது. வண்ணம் கண்ணுக்குத் துணை செய்யும். மருந்தின் இடத்தை எடுக்காது. எந்த நிறத்தை நம்பியும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பூசுவதற்கு முன் நினைவில் கொள்க

• பிரசவத் தேதிக்கு முந்தைய வாரங்களில் வேலையைத் தொடங்க வேண்டாம். தாய் திரும்புவதற்கு நெடுநாள் முன்பே முடித்துவிடுங்கள்.
• ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களை, பெயிண்ட் வாடை முற்றிலும் நீங்கும்வரை வேறு வீட்டில் தங்கவையுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள்.
• ஈயம் சேர்க்கப்படாதது என்ற குறிப்பு டப்பாவின் மேல் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.
• நோயாளியின் அறைக்கு மினுமினுப்பற்ற வெளிர் நிறமே போதுமானது. வெளிர் சந்தனமும் சாம்பல் கலந்த வெள்ளையும் பொருந்தும்.
• வண்ணம் பூசியபின் மூச்சுத்திணறல், இடைவிடாத இருமல், தலைச்சுற்றல் ஏற்பட்டால் நோயாளியை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, மருத்துவமனையை அணுகுங்கள்.

உங்கள் வீட்டுச் சூழல் குறித்து ஐயம் இருப்பின், அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது அறையின் படம் ஒன்றைக் கைபேசியில் எடுத்து வாருங்கள். சிகிச்சை பற்றிய ஆலோசனையோடு இதையும் நாங்கள் உங்களுடன் பேசித் தெளிவுபடுத்துவோம்.