பூனை ஏன் ஒரே பாய்ச்சலில் மறைவதில்லை?

ஆரணியை அடுத்த கண்ணமங்கலத்திலிருந்து பட்டு நெசவாளர் ஒருவர் கேட்கிறார்: "பத்தாவது படிக்கும் என் மகள் ஸ்க்ராட்சில் பிளாக்குகளை இழுத்துப் போட்டு கேம் செய்கிறாள். இது நிஜமான புரோகிராமிங்தானா, இல்லை பைத்தானுக்கே அனுப்பிவிடட்டுமா?"

நிஜமானதுதான். தமிழக அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே ஸ்க்ராட்ச் இருக்கிறது. பைத்தான் பன்னிரண்டாம் வகுப்பில் வருகிறது. "கோடிங்கே வேண்டாம், ஒரே மாதத்தில் கேம் டெவலப்பர் ஆகலாம்" என்ற விளம்பரங்களைத்தான் நம்பக் கூடாது. எழுத்துப் பிழையிலிருந்தும் விட்டுப்போன அடைப்புக்குறியிலிருந்தும் பிளாக்குகள் காப்பாற்றும். சுவரில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யோசிக்கும் வேலை குழந்தையிடமே இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

ஆனால் ஸ்க்ராட்ச் ஒரு பெரிய வேலையைச் சத்தமில்லாமல் தானே செய்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

ஸ்க்ராட்சின் பூனைக்கு ஒரு 'ஃபாரெவர்' (நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் செய்) பிளாக் போட்டு, அதற்குள் 10 அடி நகரச் சொல்லுங்கள். மேடையின் அகலம் 480 அலகு. பூனை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு ஏறக்குறைய 1.6 நொடியில் நடந்து போகும். இதையே பைத்தானில் வெறும் வைல் லூப்பாக எழுதினால், அந்த 48 சுற்றுக்கும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. திரையில் படம் விழுவதற்குள் பூனை எல்லையைத் தாண்டியிருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பூனைக்கு ஒரு ஃபாரெவர், இருபது மீன்களுக்கும் ஆளுக்கொரு ஃபாரெவர் என்று வைத்தால், முடிவே இல்லாத முதல் லூப்பில் கணினி மாட்டிக்கொண்டு மற்றவற்றுக்கு முறையே வராமல் போக வேண்டுமே?

போவதில்லை. ஸ்க்ராட்சுக்குள் ஸீக்வென்ஸர் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. லூப்பின் கடைசிப் பிளாக்கை எட்டியதும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் (பிளாக் அடுக்கும்) ஒரு சுற்றோடு நின்று முறையை அடுத்ததற்கு விட்டுக்கொடுக்கும். எல்லாம் ஒரு சுற்று முடித்ததும், யாராவது நகர்ந்திருந்தால் திரையைப் புதிதாக வரைந்துவிட்டு அடுத்த முப்பதில் ஒரு நொடி வரும்வரை காத்திருக்கும். யாரும் நகராவிட்டால் சுற்றுகள் தொடரும்; ஆனால் அந்தச் சிறு இடைவெளியிலும் முக்கால் பங்கு நேரத்துக்கு மேல் ஸ்கிரிப்ட்டுகளுக்குப் புது முறை கிடையாது.

ஜக்கார்டு தறியில் இருப்பவருக்கு இது புதிதல்ல. மிதித்ததும் ஓர் அட்டை வந்து நிற்கிறது, துளை உள்ள இடத்துக் கொக்கிகள் மேலேற, அவற்றோடு பாவு இழைகள் எழுகின்றன, நாடா ஓடுகிறது, அடித்ததும் அடுத்த அட்டை. எந்தப் பாவு இழையும் தன் புட்டா முழுவதையும் முடித்துவிட்டு அடுத்த இழைக்கு வழிவிடுவதில்லை. ஓர் ஊடைக்கு ஏறுவதா, இறங்கி நிற்பதா என்பது மட்டுமே அதன் வேலை. இருபது மீன்கள் இருபது பாவு இழைகள். ஒரு சட்டகம், அதாவது திரையை ஒருமுறை வரைவது, ஓர் ஊடை. அங்குலத்துக்கு ஐம்பது ஊடை என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை மீட்டர் சேலைக்கு ஏறக்குறைய 10,800 ஊடை. ஸ்க்ராட்சின் வேகத்தில் அது ஆறு நிமிட ஆட்டம்! தறியில் மிதிக்கும் கால் இங்கே கடிகாரம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு பச்சைக் கொடியைத் தட்டினால் வரும் 'டர்போ' முறையில், திரை வரைவதற்காகக் காத்திருக்கும் வழக்கம் போய்விடும். காலை எடுக்காமல் அட்டைகளை உருட்டிவிட்டது போலப் பூனை பறந்துவிடும்.

வரலாறு கொஞ்சம். 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் மற்றவர்களும் குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கினார்கள். அதே வழியில் மிட்சல் ரெஸ்னிக்கின் குழு எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து 2007-இல் ஸ்க்ராட்சை வெளியிட்டது. ஜக்கார்டின் துளை அட்டையிலிருந்து கணினி முன்னோடி பாபேஜ் யோசனை எடுத்த கதை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது.

அதனால் அந்தப் பெண்ணை இப்போதே பைத்தானுக்குத் துரத்த வேண்டாம். ஸ்க்ராட்சில் பத்து விளையாட்டுகளை ஆசைதீரச் செய்யட்டும். பிறகு பைத்தானின் விளையாட்டு நூலகமான பைகேமில் அந்தப் பூனையை மட்டும் ஒருமுறை எழுதட்டும்: விசையைக் கவனி, நகர்த்து, வரை, காத்திரு. 'கிளாக்.டிக்(30)' என்ற காத்திருக்கும் வரியை முதலில் வேண்டுமென்றே விட்டுவிட்டு ஓட்டிப் பார்க்கட்டும். ஸ்க்ராட்ச் மறைத்து வைத்திருந்தது அந்த ஒரு வரியில் வெளியே வரும்.

இதை ஒருமுறை கையால் எழுதியவர்களுக்குக் கோடோ, யூனிட்டி போன்ற பெரிய கருவிகளில் வரும் 'டெல்டா' பயமுறுத்தாது. போன சட்டகத்துக்கும் இந்தச் சட்டகத்துக்கும் இடையே கழிந்த நேரம் அது. வேகத்தை அதனால் பெருக்கித்தான் பொருளை நகர்த்துகிறார்கள். நொடிக்கு 300 அலகு வேகம் என்றால், 20 சட்டகம் மட்டுமே தரும் பழைய கணினியில் பூனை ஒரு தடவைக்கு 15 அலகு தாண்டும். 60 சட்டகம் தரும் கணினியில் 5 அலகுதான். இரண்டிலும் மறுகோடிக்கு 1.6 நொடி.