இளமையும் மனச்சோர்வும்: வைத்தியரை நாடத் தயக்கம் ஏன்?

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்று, உற்றாரும் ஊராரும் மெச்ச வெளியூர்க் கல்லூரியொன்றில் சேர்ந்த மாணவன் ஒருவன், இரண்டாம் ஆண்டின் நடுவே, வெளிப்படையான காரணம் ஏதுமின்றி வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். விடுதி அறையில் பகல் முழுவதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். துவைக்க எடுத்து வைத்த துணி வாரக் கணக்கில் நாற்காலியிலேயே கிடக்கிறது. கிரிக்கெட் ஆட அழைக்க வந்த நண்பர்கள் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் பிறகு வருவதில்லை. இரவில் தாயார் போனில் கூப்பிட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால், "ம்" என்று மட்டும் பதில் வருகிறது. அரியர் விழுந்த செய்தி வீட்டை எட்டும்போதுதான், "இவனுக்கு என்ன குறைச்சல்? கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தோமே!" என்று கோபமும் திகைப்பும் கலந்த கேள்வி எழுகிறது. அவனுக்கு வந்திருப்பது ஒரு நோய் என்பதையும், அதற்குத் தக்க சிகிச்சை நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்பதையும், அந்தச் சிகிச்சையை நாடவிடாமல் தடுப்பவற்றுள் முதன்மையானது அந்த நோயேதான் என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துயரம் வேறு, நோய் வேறு

துக்கப்படுவது மனித சுபாவம். தேர்வில் தவறியவரும், நேசித்தவரைப் பிரிந்தவரும், வளர்த்த பாட்டியைப் பறிகொடுத்தவரும் சில நாள் ஊண் உறக்கமின்றித் தவிப்பது இயல்பு. அத்தகைய துக்கம் நாள் செல்லச் செல்லத் தணியும். இடையே ஒரு நல்ல செய்தி வந்தால் முகம் மலரும். மனச்சோர்வு என்னும் நோயின் போக்கு அப்படிப்பட்டதன்று. நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், 2 வாரத்துக்குக் குறையாமல், மனம் கனத்துக் கிடப்பதோ, முன்பு பிரியமாயிருந்த காரியங்களில் நாட்டம் அற்றுப்போவதோ இதன் தலையாய அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அதனுடன், விடியுமுன்பே விழிப்புக் கண்டு மறுபடி கண்ணயராமை அல்லது பகலிலும் ஓயாத உறக்கம், பசி குன்றுதல் அல்லது மிகுதல், காரணமில்லாக் களைப்பு, படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தும் ஒன்றும் மனத்தில் நில்லாமை, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற சுயநிந்தை, எதிர்காலத்தைக் குறித்த விரக்தி, மரணத்தைப் பற்றிய சிந்தனை ஆகியவற்றுள் சில சேர்ந்து வரும்.

இளம் வயதினரிடம் இந்நோய் பல சமயங்களில் அழுகையாக வெளிப்படாமல், தொட்டதற்கெல்லாம் சீறும் எரிச்சலாகவும், பரிசோதனையில் ஒன்றும் தென்படாத தலைவலி, வயிற்றுவலியாகவும் வெளிப்படுவதால், வீட்டார் அதைத் திமிர் என்றும் பள்ளிக்கு மட்டம் போடும் தந்திரம் என்றும் தவறாக எண்ணிவிடுகிறார்கள். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நோக்கினால், "இந்த வயசுல உனக்கு என்ன கவலை?" என்று கேட்பது எத்துணைப் பொருத்தமற்றது என்பது விளங்கும். பரம்பரைக் கூறு, மூளையின் ரசாயன மாறுதல், சிறுவயதில் நேர்ந்த இழப்பும் கொடுமையும், சகமாணவரின் கேலி, படிப்பின் நெருக்கடி எனப் பல காரணங்கள் கூடியே இந்நோயை விளைவிக்கின்றன. மனோதிடம் இல்லாமையை அக்காரணங்களுள் எந்த வைத்தியரும் சேர்ப்பதில்லை.

நோயே இடும் தடை

காலில் புண் வந்தவனுக்கு, வைத்தியரிடம் போனால் ஆறும் என்ற நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும். மனச்சோர்வோ அந்த நம்பிக்கையையே முதலில் பற்றுகிறது. 'போய் என்ன ஆகப்போகிறது?', 'என்னை யாராலும் சரிசெய்ய முடியாது', 'என்னால் வீட்டாருக்குப் பணச் செலவுதான் மிச்சம்' என்றெல்லாம் உள்ளே ஒலிப்பது தன் சொந்த அபிப்பிராயம் என்றே நோயுற்றவர் நினைக்கிறார். அது நோயின் லக்ஷணம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. வைத்தியரின் எண்ணைத் தேடி எடுப்பது, பேசி நேரம் குறிப்பது, குளித்து உடுத்திப் பஸ் ஏறுவது, முன்பின் அறியாதவர் நடுவே பெஞ்சில் காத்திருப்பது ஆகிய ஒவ்வொன்றும், படுக்கையிலிருந்து எழவே பிரயத்தனப்படும் ஒருவருக்கு ஏற முடியாத மலையாகிவிடுகிறது. அவரைப் பார்த்து, "தைரியமா இரு, வேணும்னா ஒரு டாக்டரைப் போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு நகர்வது, கிணற்றில் விழுந்தவனை ஏணி எடுத்துவரச் சொல்வது போன்றதே. ஆகவே முதல் அடியை எடுத்து வைக்கும் பொறுப்பில் பாதியையேனும் அருகிலிருப்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். "நாளைக்குக் காலையில நானும் கூட வரேன், ரெண்டு பேரும் போய்ட்டு வருவோம்" என்னும் ஒரு வாக்கியம், ஆயிரம் புத்திமதியினும் மேலான பிரயோஜனம் உடையது.

கீழ்ப்பாக்கம் என்னும் பெயர்

நம் ஊரில் மற்றொரு தடையும் உண்டு. 1794-ல் சென்னையில் தோன்றி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த அரசு மனநல மருத்துவமனை எத்தனையோ தலைமுறைகளுக்குப் பணி செய்திருந்தும், அந்தப் பேட்டையின் பெயரையே மக்கள் வசைச் சொல்லாக்கிவிட்டார்கள். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று திரைப்படத்திலும் தெருவிலும் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்கே மனம் நலிவுறும்போது, அந்தப் பட்டத்துக்கு அஞ்சியே வாய் திறப்பதில்லை. "வெளியே தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணு யார் எடுப்பா?" என்ற கவலை பெற்றோரை மௌனமாக்குகிறது. அதே மருத்துவமனைக்குத் தலைமை வகித்தவரும், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பட்டவருமான டாக்டர் சாரதா மேனன் 1984-ல் மனச்சிதைவு நோயாளருக்காக ஸ்கார்ஃப் என்னும் ஸ்தாபனத்தையும், டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் 1986-ல் தற்கொலைத் தடுப்புக்காக 'சிநேகா'வையும் சென்னையில் நிறுவினார்கள். இத்தகையோர் நெடுங்காலம் உழைத்தும் அவமான உணர்ச்சி முற்றும் நீங்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

கோயிலுக்குப் போவதும், தர்காவில் ஓதிக்கொள்வதும், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதும் மனத்துக்கு ஆறுதல் தருமாயின் தாராளமாகச் செய்யலாம். அவற்றைக் காரணமாக்கிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் கூடாது. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்" என்ற யோசனையோ, ஒருவர் நோயை இருவர் துன்பமாக்குவதில் முடியும்.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அத்துறையில் மேற்படிப்புப் பெற்றவர். நோயை நிர்ணயிப்பதும் மருந்து எழுதுவதும் அவர் பணி. மருத்துவ உளவியலாளர், பயிற்சி பெற்ற முறையில் பேச்சின் வாயிலாகச் சிகிச்சை அளிப்பவர், மருந்து தரமாட்டார். கல்லூரி ஆலோசகர் பெரும்பாலும் முதற்படி. அவரிடம் பேசிப் பார்த்து, நோய் முற்றியிருப்பின் மேலே அனுப்பச் சொல்லலாம். யாரிடம் தொடங்குவதென்று புரியாவிட்டால், குடும்ப டாக்டரிடமே சொல்வதும் நல்ல ஆரம்பம்தான்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களிலும் இச்சேவை கிடைக்கிறது. 2022 அக்டோபர் முதல் நடைபெறும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே அழைக்கலாம். தமிழகத்தில் அது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

முதல் நாள் என்ன நடக்கும்?

பலருக்கும் அச்சம் ஊட்டுவது, கதவுக்கு அப்பால் என்ன நடக்குமோ என்ற சந்தேகமே. உண்மையில் அங்கு நடப்பது பெரும்பாலும் கேள்வியும் பதிலும்தான். ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால், எத்தனை மணிக்கு விழிப்புக் காண்கிறது, பசி எப்படி, எப்போதிலிருந்து இப்படி, வீட்டில் வேறு யாருக்கேனும் இருந்ததுண்டா, போதைப் பழக்கம் உண்டா என்று வைத்தியர் விசாரிப்பார். இதற்கு முன் எப்போதேனும், உறக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்துடன் சில நாள் திரிந்ததுண்டா என்றும் கேட்பார். இருந்திருந்தால் நோயும் சிகிச்சையும் வேறாகலாம் என்பதே அதற்குக் காரணம். தைராய்டுக் குறைவும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரக்கூடுமாதலால் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுக்கலாம். "செத்துப்போகலாம்னு தோணியிருக்கா?" என்று நேராகவே கேட்பார், அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, இருக்கும் பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கும். பேச நா எழாது என்று அஞ்சுகிறவர்கள், தமக்கு நேர்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினாலும் போதும்.

பேச்சும் மருந்தும்

நோய் லேசாக இருந்தால் பேச்சுச் சிகிச்சை மட்டுமே போதுமானதாகலாம். 1960-களில் ஆரன் பெக் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை இன்று எங்கும் வழங்குகிறது. 'அரியர் விழுந்தது; ஆகவே நான் தோற்றவன்; ஆகவே இனி எல்லாமே தோல்விதான்' என்று மனம் தாவும் படிகளை எழுதிப் பார்த்து, ஒவ்வொரு படிக்கும் என்ன சாட்சியம் என்று சிகிச்சையாளரும் நோயாளியும் சேர்ந்து ஆராய்வதே அதன் சாரம். காலையில் குறித்த நேரத்தில் குளிப்பது, மாலையில் 15 நிமிஷம் நடப்பது என, உற்சாகம் வரட்டும் என்று காத்திராமல் சிறு காரியங்களைச் செய்யத் தொடங்குவதும் அதில் அடங்கும்.

நோய் கடுமையாயின் மருந்தும் வேண்டும். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல; போதைப் பொருளைப் போல ஏங்க வைப்பவையும் அல்ல. ஆனால் விழுங்கிய மறுநாளே பலன் தெரியாது. 2 முதல் 6 வாரம் வரை பொறுக்க வேண்டும். முதல் சில நாள் குமட்டலும் தலைவலியும் வந்து, பலன் பின்னால் வருவதால், "இது ஒத்துக்கலை" என்று பாதியில் நிறுத்துவோர் பலர். 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்குத் தொடக்க வாரங்களில் பரபரப்போ தற்கொலை எண்ணமோ மிகக்கூடும் என்பதால், அக்காலத்தில் வீட்டார் உடனிருந்து கவனிப்பதும், குறித்த தேதியில் வைத்தியரை மறுபடி பார்ப்பதும் அவசியம். குணமான பின்பும் 6 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து, வைத்தியர் சொன்னபடி படிப்படியாகவே மருந்தைக் குறைக்க வேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது சிகிச்சையாளரின் கடமை. உயிருக்கு அபாயம் போன்ற சில சந்தர்ப்பங்களே விதிவிலக்கு. 18 வயது நிறைந்தவர் தாமாகவே சிகிச்சை பெறலாம். உடல் நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு அளிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடிக்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்பதும் அதன் கட்டளை. ஆதலால் போலீஸுக்கு அஞ்சி எவரும் சிகிச்சையை மறைக்க வேண்டியதில்லை.

உடனிருப்போர் கடமை

பிள்ளை பேசத் தொடங்கினால் இடைமறிக்காமல் கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, பிரியமான பொருள்களைப் பிறருக்கு வழங்கி விடைபெறுவது போல நடந்தாலோ, 'சும்மா மிரட்டுகிறான்' என்று ஒதுக்காமல், தனியே விடாமல், பூச்சிமருந்தும் மாத்திரைகளும் கைக்கெட்டாதபடி அப்புறப்படுத்தி, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை யாராலும் குணப்படுத்த முடியாது என்று உங்கள் மனம் சொல்லுமாயின், அத்தீர்ப்பை இப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டாம். சிகிச்சை பெற்றுச் சில மாதம் சென்றபின் அதை மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்த்த வைத்தியரோடு மனம் ஒட்டாவிட்டால் வேறொருவரை நாடுங்கள். சிகிச்சையை மட்டும் கைவிடாதீர்கள். வீட்டில் சொல்ல முடியாதவர்கள், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ, அக்காவிடமோ, அறைத் தோழரிடமோ, "எனக்கு உடம்பு சரியில்லாத மாதிரி மனசு சரியில்லை, என்கூட டாக்டர்கிட்ட வர்றியா?" என்று இன்றைக்கே கேளுங்கள்.