மலைச்சரிவில் களையும் பாதையும்

நீலகிரிச் சரிவுகளில் களையெடுக்கும்போது, சமவெளி வயலில் செய்வதுபோல் மண்ணைக் கொத்திப் புரட்டலாகாது. புரட்டிய மண் அடுத்த மழையிலேயே ஓடையைச் சேர்ந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதே! அத்தகைய மழைக்கு முன் வெறும் மண் எம்மாத்திரம்? ஆகவே தேயிலைக்கிடையே முளைக்கும் சிறு களைகளை அரிவாளால் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிடுகிறோம். அறுத்த புல்லும் அங்கேயே மண்ணுக்குப் போர்வையாகிறது.

உண்ணிச்செடிக்கு மட்டும் இச்சலுகை கிடையாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அது, வெட்ட வெட்டத் துளிர்க்கும். பழந்தின்னும் பறவைகள் விதையைப் பரப்பும். காய்க்குமுன், மண் ஈரமாயிருக்கையில் வேரோடு பிடுங்கி, குழியை மூடி, அன்றே அவ்விடத்தில் புல் நடவேண்டும்.

இனி, பாதை. சுமையோடு ஏறுவோருக்கு நேர்வழியே எளிதாகத் தோன்றும். ஆனால் நேரே இறங்கும் பாதை மழைநீருக்கும் பாதையல்லவா? சில ஆண்டுகளில் அது பள்ளமாகி, இலைமூட்டை சுமக்கும் பெண்கள் அதில்தான் வழுக்கி விழுகின்றனர். சரிவின் குறுக்கே வளைந்து, மெல்ல ஏறும் பாதையே நிலைக்கும். அதன் உட்புறம் சிறு வடிகால் வெட்டி, நீர் கீழே விழுமிடத்தில் கற்களை அடுக்குகிறோம். வடிகாலில் சேரும் சருகை மழைக்காலத்துக்கு முன்பே அள்ளிவிட வேண்டும்.