உங்களுக்குத் தெரியுமா? இமைத் துடிப்பும் கர்ப்பிணியின் கண்ணும்

கர்ப்பிணிக்கு இமை துடிப்பது பெரும்பாலும் தூக்கக் குறைவாலும் களைப்பாலும் அளவு மீறிய காபியாலும்தான். இடக்கண் துடித்தால் நல்ல சேதி என்பது நம்பிக்கை மட்டுமே. ஓய்வெடுத்தால் துடிப்பு தானே அடங்கும்.

இருட்டியதும் பார்வை மங்குவது வேறு. அது வைட்டமின் ஏ குறைவால், குறிப்பாகக் கடைசி மாதங்களில் வரும் மாலைக்கண்ணாக இருக்கலாம். முருங்கைக்காயைவிட முருங்கைக்கீரையில்தான் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் மிகுதி. வைட்டமின் ஏ மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது; அளவு மிஞ்சினால் கருவைப் பாதிக்கும்.

20 வாரத்துக்குப் பின் கண்ணில் மின்னல் பாய்ந்தாலோ, பார்வை மங்கிக் கடும் தலைவலி சேர்ந்தாலோ, ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியிருக்கக்கூடும். அப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.