கால் பிடிப்புக்கு எண்ணெய் மட்டும் போதுமா?

1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறிய உறவுகள் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே வயலிலும் இங்கே மலையிலும் வயதானவர்கள் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் நடந்தா கெண்டைக்கால் பிடிக்குது, நின்னா விட்டுப்போகுது."

நாம் இதை வாதம் என்று எண்ணெய் தேய்க்கிறோம். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புப் படிந்து ஒடுங்கினாலும் இப்படித்தான் வலிக்கும். சீனி வருத்தமும் பீடி, சுருட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சிறு காயம்கூட ஆறாமல் கறுத்து, விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

இதைக் கண்டுபிடிப்பது டொப்ளர் ஸ்கேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் செய்கிற ஸ்கேனுக்குத் தம்பி என்று சொல்லலாம். ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. காதுக்குக் கேட்காத ஒலி, ஓடுகிற இரத்தத்தில் பட்டுத் திரும்பும். ரயில் கிட்ட வரும்போது கீச்சென்று கேட்கும் ஊதல், தாண்டியதும் தணிந்து கேட்குமே, அந்த வித்தியாசம்தான் இங்கே இரத்தத்தின் வேகத்தைச் சொல்கிறது. 1842இல் இந்த விதியைச் சொன்னவர் ஒஸ்திரியா நாட்டு டொப்ளர். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் பீறிடுகிற மாதிரி, ஒடுங்கிய இடத்தில் இரத்தமும் வேகமாகப் பாயும்.

கணுக்காலிலும் பிரஷர் பார்ப்பார்கள். கையில் 130 என்றால் காலில் 117க்குக் கீழே இறங்கக் கூடாது.

கிளினிக்கில் "கால் வலி" என்று மட்டும் சொல்லாமல், நடந்தால் வலி, நின்றால் சரி என்பதையும் சொல்லுங்கள். ஸ்கேன் தேவையா என்பதை டொக்டர் முடிவு செய்வார். அடைப்புக் கூடுகிறதா என்று அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய றிப்போட் வேண்டும். அதை லயத்துக் கூரையில் செருகாமல் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.