தூண்டிலும் வலையும்

அமெரிக்காவில் வாஷிங்டன் ராஜ்யத்து நதிகளில், குளிர்காலத்தில் நண்பர்கள் கூடி, உறைபனி நீரில் நின்று ஸ்டீல்ஹெட் மீனுக்குத் தூண்டிலிடுவது பெரு விநோதம். கடல் சென்று மீளும் இம்மீன் 1925-ல் சட்டப்படி விளையாட்டு மீனாயிற்று. விநோதக்காரரின் தூண்டிலுக்கு அனுமதி. பூர்வகுடிகளின் வலைக்குத் தடை! நிஸ்குவாலி நதியில் வலையிட்டதற்காக பில்லி பிராங்க் 1945-ல் கைதானபோது அவருக்கு வயது 14.

ஆனால் அவர் குலத்தார் தம் நிலத்தைக் கொடுத்து 1854-ல் செய்த உடன்படிக்கை, குடியேறியவர்களுடன் ‘பொதுவாக’ மீன்பிடிக்கும் பாத்தியதையை அவர்களுக்கு விட்டுவைத்திருந்தது. ‘பொதுவாக’ என்றால், ஸ்டீல்ஹெட் உட்படப் பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை என 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் பொருள் கொண்டார். ஒரேயொரு பதம் இத்தனை குடும்பங்களுக்கு ஜீவனமளித்ததை, சட்டம் பயின்ற நாம் கண்டது அபூர்வம். எதிர்ப்பாளர் அவருக்குக் கொடும்பாவி கட்டித் தூக்கிலிட்டனர். 1979-ல் சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பைப் பெரும்பாலும் ஊர்ஜிதம் செய்தது.